கனவான்களும் கூலிக்காரரும்

துடுப்பாட்டத்தைக் கனவான்களின் ஆட்டம் என நாமும் பெருமையுடன் கூறுகின்றோம். அச்சொல்லின் மறுபக்கத்தை நினைப்பார் சிலரே. இங்கிலாந்தில் 1806ஆம் ஆண்டு தொடங்கிய 'கனவான்கள் – ஆட்டக்காரர்' போட்டி, ஊதியம் பெறாது ஆடியோரையும் பெற்று ஆடியோரையும் எதிரெதிரே நிறுத்திற்று. பின்னவர் திறமைசாலிகள், ஆயின் கூலியையே நினைப்பவர், பிறரை வழிநடத்தும் பண்பற்றவர் என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. மைதானத்தில் நுழையும் வாயில் வேறு. உடைமாற்றும் அறை வேறு. புள்ளி அட்டையிலே பெயரின் முதலெழுத்துக்கள் கூடக் கனவானுக்கு முன்னும் மற்றையோனுக்குப் பின்னுமாக அச்சிடப்பட்டன. (கனவானாகிய டபிள்யூ. ஜி. கிறேஸ் செலவுப்பணம் முதலிய பெயர்களில் ஈட்டிய பெருந்தொகை வேறு கதை.)

தொழில்முறை ஆட்டக்காரன் எவனும் இங்கிலாந்துக்குத் தலைவனாகாதிருக்க வேண்டுமென 1925இல் ஹோக் பிரபு கடவுளையே வேண்டினார். 1877இல் நிகழ்ந்த முதலாவது டெஸ்ட் போட்டியில் அவ்வணிக்குத் தலைமை தாங்கிய ஜேம்ஸ் லில்லிவைட் அத்தகைய ஆட்டக்காரரே என்பதை அவர் மறந்தார் போலும்! வொலி ஹமண்டின் கதை இன்னும் தெளிவானது. 1938இல் அவர் ஊதியத்தைத் துறந்து கனவானானார், அவ்வாண்டே தலைவருமானார். மனிதர் அவரே, ஆட்டமும் அதுவே.

லென் ஹட்டன் அவ்வாறு மாறாமலே 1952இல் தலைமையேற்று, அடுத்த ஆண்டு அவுஸ்திரேலியாவை வென்று, 19 ஆண்டுகளின் பின் ஆஷஸை மீட்டார். ஆயினும் அவரது சொந்த அணியாகிய யோர்க்ஷயர் அவரை ஒருபோதும் நிரந்தரத் தலைவராக்கவில்லை. இப்பாகுபாடு 1962இன் இறுதியிலேயே நீக்கப்பட்டது.