லகூனா மாத்ரே: வலை விலகிய உப்பங்கழி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், கார்ப்பஸ் கிறிஸ்டி நகருக்குத் தெற்கே தொடங்கி மெக்சிக எல்லையை நெருங்கும்வரை, பாட்ரே தீவு என்னும் நீண்ட மணல்திட்டுக்கும் பெருநிலத்துக்கும் இடையே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளத்தில் கிடக்கும் உப்பங்கழிக்கு லகூனா மாத்ரே என்று பெயர். இதன் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே. குளிர்காலத்தை ஆழமான கால்வாய்களில் கழித்த மீன்கள், இளவேனிலில் விரைந்து வெதுவெதுப்பாகும் கடற்புல் பரப்புகளுக்கு இறாலையும் மடவையையும் தேடி ஏறி வருகின்றன. அப்போது தூண்டில்காரர்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, மணலில் புதைந்திருக்கும் திருக்கையை மிதித்துவிடாதபடி பாதங்களை இழுத்திழுத்து நடந்து மீன்பிடிப்பது இன்று அப்பகுதியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அவர்கள் தேடுவது இரண்டு மீன்களை: வாலடியில் கரும்பொட்டுக் கொண்ட ரெட்ஃபிஷ் ஒன்று, உடலெங்கும் புள்ளிகள் தெறித்த கடல் ட்ரவுட் மற்றொன்று. பின்னது பெயரளவில் மட்டுமே ட்ரவுட். குளிர்ந்த ஓடைகளில் வாழும் ட்ரவுட்டுக்கும் அதற்கும் உறவில்லை. இரண்டும் தமிழகக் கடலோரத்தில் கத்தாளை எனப்படும் மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்தவை; நெட்டி என்னும் காற்றுப்பையை அதிரச் செய்து ஒலி எழுப்புபவை.

இக்கடற்கரையில் மீன்பிடித்தல் மிகப் பழையது. ஆனால் பழங்காலத்தில் அது முதன்மையாக இளவேனிலின் தொழிலாக இருக்கவில்லை. ஐரோப்பியர் வருமுன் டெக்சாஸின் நடுக்கடற்கரையில் வாழ்ந்த கரங்காவா மக்களின் குடியிருப்பு மேடுகளில் கிடைத்த மீன்களின் செவிக்கற்களை, அதாவது ஆண்டு வளையங்கள் பதியும் சுண்ணாம்புத் துண்டுகளை, ஆராய்ந்த தொல்லியலாளர்கள், இலையுதிர்காலம் முதல் இளவேனில் தொடக்கம்வரை பெருங்கூட்டங்களாகக் கரையில் தங்கி மீன்பிடித்த அம்மக்கள், பின்னர் சிறுகுழுக்களாகப் பிரிந்து உள்நாட்டுப் புல்வெளிகளுக்கு வேட்டையாடச் சென்றனர் என்று கணித்துள்ளனர். இன்றைய தூண்டில்காரருக்குப் பருவம் தொடங்கும் வேளை, கரங்காவாக்களுக்குப் பருவம் முடியும் வேளையாக இருந்தது. 1528இல் கப்பல் உடைந்து இக்கரையில் ஒதுங்கிய ஸ்பானியரான கபேசா தே வாகா, நாணற்பட்டிகள் கட்டி மீனை வளைக்கும் முறையைத் தம் நூலில் குறித்துள்ளார்.

இன்று காணும் நீர்ப்பரப்பும் முழுமையாக இயற்கை தந்ததன்று. பெரிய ஆறு எதுவும் நேரே வந்து கலக்காத, மழை குறைந்த, கடலோடு சில முகத்துவாரங்கள் வழியாக மட்டுமே தொடர்புடைய இந்த உப்பங்கழியில், ஆவியாதல் மிகுந்த ஆண்டுகளில் உப்பின் அளவு கடல்நீரினதைப்போல இருமடங்கு, மும்மடங்கு ஏறி மீன்கள் குவியல் குவியலாக மடிந்ததுண்டு. 1949இல் சரக்குப் படகுகளுக்காக வெட்டி முடிக்கப்பட்ட உள்கரைக் கால்வாய், மணற்சேற்றுப் பரப்பு பிரித்து வைத்திருந்த வடபாதியையும் தென்பாதியையும் இணைத்து நீரோட்டத்தை உண்டாக்கியது. 1962இல் மான்ஸ்ஃபீல்ட் முகத்துவாரமும் நிலையாகத் திறக்கப்பட்டது. உப்பு தணிந்தது. மீனுக்காக வெட்டப்படாத கால்வாய்தான் இந்த மீன்பிடிப்புக்குப் பெரிதும் உதவியது.

எனினும் இந்த வரலாற்றின் திருப்புமுனை நீரில் அன்று, சட்டமன்றத்தில் நிகழ்ந்தது. ரெட்ஃபிஷ் தன் முதல் மூன்று நான்கு ஆண்டுகளை உப்பங்கழியில் கழித்து, பின் கடலுக்குச் சென்று முதிர்ந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழ்ந்து, ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் முகத்துவாரங்களருகே முட்டையிடும் மீன். ஆகவே உப்பங்கழியில் விரிக்கப்பட்ட செவுள் வலைகள், அதாவது மீனின் செவுளைக் கண்ணியில் மாட்டிப் பிடிக்கும் வலைகள், இனப்பெருக்கத்துக்கு முன்பே இளமீனை அகற்றின. 1970களில் மீன்வளம் சரிந்தபோது வலைக்காரர்களுக்கு எதிராகத் தூண்டில்காரர்கள் திரண்டனர். 1977இல் ஹூஸ்டனில் அவர்கள் தொடங்கிய வளைகுடாக் கடற்கரைப் பாதுகாப்புச் சங்கம், 1981இல் ரெட்ஃபிஷையும் கடல் ட்ரவுட்டையும் டெக்சாஸ் நீரில் பிடித்து விற்பதையே தடைசெய்யும் சட்டத்தை நிறைவேறச் செய்வதில் முன்னின்றது. செவுள் வலை 1988இல் முற்றிலும் விலக்கப்பட்டது.

ரெட்ஃபிஷ் வளத்தின் வீழ்ச்சிக்கு நியூ ஆர்லியன்ஸ் சமையற்கலைஞர் பால் புருடோமைக் குற்றஞ்சாட்டுவது வழக்கம். வெண்ணெயில் தோய்த்து, மிளகாய்த்தூளும் மூலிகைப்பொடியும் அப்பி, புகையெழக் காய்ந்த இரும்புச் சட்டியில் கருக வாட்டிய அவருடைய ரெட்ஃபிஷ் 1980களில் அமெரிக்கா முழுவதும் மோகத்தைக் கிளப்பியது உண்மையே. ஆனால் ஆண்டுகளை ஒட்டிப் பார்த்தால் அக்கதை டெக்சாஸுக்குப் பொருந்தாது. அம்மோகம் உச்சத்தை அடையுமுன்பே அங்கே விற்பனைத் தடை வந்துவிட்டது. உணவகத் தேவை கெடுத்தது ஆழ்கடலை: விமானத்தில் பறந்தோர் மீன்கூட்டத்தைக் கண்டு சொல்ல, சுருக்குமடி வலைகள் முட்டையிடும் முதிய மீன்களை மொத்தமாக வாரின. 1986இல் நடுவண் அரசு அவசர ஆணையிட்டு அதை நிறுத்தியது. நடுவண் அரசின் கடற்பரப்பில் அம்மீனைப் பிடிக்கும் தடை இன்றும் நீடிக்கிறது.

மீட்பின் மறுபக்கத்தைத் தூண்டில் இதழ்கள் அதிகம் பேசுவதில்லை. மீன் காக்கப்பட்டது என்பதோடு, ஒரு தரப்பாரிடமிருந்து மற்றொரு தரப்பாருக்குக் கைமாறியது என்பதும் உண்மை. வயிற்றுப்பாட்டுக்காக வலை விரித்தவர்கள் இழந்த மீனை, ஓய்வுநேரத்துக்காக வந்தவர்கள் பெற்றார்கள். தூண்டில்காரர் எண்ணிக்கையிலும் வசதியிலும் மிகுந்தவர் என்பதையும் கணக்கில் கொள்ளாமல் அச்சட்டத்தை விளக்க இயலாது. எஞ்சிய தொழில்முறை மீனவர், தடைக்குள் வராத கறுப்பு டிரம் மீனை, பல தூண்டில்கள் கோத்த நெடுங்கயிறுகளால் லகூனா மாத்ரேயில் இன்றும் பிடித்து விற்கின்றனர்.

சட்டத்தால் தடுக்க இயலாதது குளிர். வடக்கிலிருந்து இறங்கும் குளிரலை ஆழமற்ற நீரை விரைவிலேயே உறைநிலைக்கு அருகே கொண்டுசென்றுவிடும். 1983இலும் 1989இலும் அவ்வாறு மீன்கள் பெருமளவில் மாண்டன. 1980களின் தொடக்கத்தில் கார்ப்பஸ் கிறிஸ்டியில் அமைந்த மீன்குஞ்சுப் பண்ணை, ஒளிநேரத்தையும் வெப்பத்தையும் மாற்றித் தாய்மீனை முட்டையிட வைக்கும் நுட்பத்தால் ரெட்ஃபிஷ் குஞ்சுகளை உப்பங்கழிகளில் விட்டுவந்தது அத்தகைய இழப்பை ஈடுசெய்ய உதவியது. 2021 பிப்ரவரியில் வந்த குளிரில் டெக்சாஸ் கடற்கரையில் குறைந்தது 38 இலட்சம் மீன்கள் மாண்டதாக மாநில வனவிலங்குத் துறை மதிப்பிட்டது. ட்ரவுட் இழப்பில் பெரும்பகுதி லகூனா மாத்ரேயினுடையது; அதன் பின்னரே அம்மீனை வீட்டுக்குக் கொண்டுசெல்லும் எண்ணிக்கையும் அளவும் மேலும் இறுக்கப்பட்டன.