பசி: அமிர்தியும் ஜவ்வாது மலையும்

அமிர்தி, வேலூருக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ள காட்டுப்பகுதி. 1967-இல் திறக்கப்பட்ட வன உயிரியல் பூங்காவும் அருகிலுள்ள அருவியும் இதற்கு வெளியூர்களிலும் பெயர் தேடித் தந்தன. இங்கிருந்து மேலேறும் மலைத்தொடர் இன்று வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என மூன்று மாவட்டங்களில் பிரிந்து கிடக்கிறது. மலைமேல் வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்பதே பெயரின் பொருள் என்பார்கள். காஞ்சிப் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள் என்று இவர்களுடைய வாய்மொழிக் கதைகள் சொல்கின்றன.

ஏழை நாடுகளில் பசி எப்படி உண்டாகிறது, உலகம் அதற்கு என்ன செய்தது என்ற கேள்விக்குப் பெரிய புள்ளிவிவரங்களைவிட இந்த ஒரு மலை தெளிவாகப் பதில் சொல்லும். மண்ணும் மழையும் உள்ள மலை இது. செய்யாறு இங்கேதான் பிறக்கிறது. மலையடியில் உள்ள செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம், தினை விளையும் சரிவுகளையும் வழிப்போக்கருக்குச் சோறிட்ட குடிகளையும் விரிவாகச் சொல்கிறது. அப்படிப்பட்ட மலையிலும் பசி வந்தது.

தாது வருஷம்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் பஞ்சம் என்றாலே பெரியவர்கள் சொல்வது தாது வருஷப் பஞ்சம். 1876-இல் மழை பொய்த்துத் தொடங்கிய அது 1878 வரை நீடித்தது. சென்னை மாகாணத்தில் மட்டும் சுமார் 35 லட்சம் பேர் மாண்டதாக மதிப்பீடு. அமிர்தி அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. பாலாற்றுச் சமவெளியும் மலையடிவாரமும் பஞ்சத்தின் கடுமையை நேரே கண்ட பகுதிகள்.

இதில் உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. பஞ்சம் வந்தபோது தண்டவாளம் காட்பாடி, ஜோலார்பேட்டை வழியாக மேற்குக் கடற்கரை வரை போய்விட்டது. தானியத்தைக் கொண்டுவர வழி இருந்தது, தானியமும் வந்தது. வாங்கக் காசில்லாத கூலிக்காரனுக்கு அது வந்தும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். விலை உயர்ந்த இடத்துக்கே மூட்டை போகும் என்பது வியாபாரக் கணக்கு. அதே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமைக் கப்பல்களும் போய்க்கொண்டிருந்தன. 1877 புத்தாண்டு நாளில் வைஸ்ராய் லிட்டன் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்து தில்லியில் தர்பார் நடத்தினார்.

அவர் சென்னைக்கு அனுப்பிய அதிகாரி சர் ரிச்சர்டு டெம்பிள். 1874-இல் பீகார்ப் பஞ்சத்தின்போது பர்மா அரிசியைத் தாராளமாக இறக்கிச் சாவுகளைத் தடுத்தவர் அவரே. அதற்கு அவருக்குக் கிடைத்தது ஊதாரி என்ற பட்டம். அந்தச் சூட்டோடு சென்னைக்கு வந்தவர், நிவாரண வேலைக்கு ஒரு நாள் கூலியாக ஆணுக்கு ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) தானியமும் ஒரு அணாவும் போதும் என்றார். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதிலும் குறைவு. நாளெல்லாம் வெயிலில் மண் சுமப்பவனுக்கு அது எங்கே போதும்? மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் ஒன்றரைப் பவுண்டு தானியமும் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். சில மாதங்களில் அரசு பாதி இறங்கி வந்து, ஒன்றேகால் பவுண்டும் கொஞ்சம் பருப்பும் என்றது. ஒரு மனிதன் சாகாமலிருக்க எத்தனை அவுன்ஸ் தேவை என்று அரசாங்கம் பேரம் பேசிய அந்தக் கடிதங்கள், பசி பற்றிய உலக ஆவணங்களில் மிகவும் கசப்பானவை என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

சென்னை வழியாக ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி இந்த நிவாரண வேலையில் வெட்டப்பட்டது. வேலை செய்ய முடியாதவர்களுக்குக் கஞ்சித்தொட்டிகள் திறந்தார்கள். 1877 ஆகஸ்டில் லண்டனில் மேன்ஷன் ஹவுஸ் பஞ்ச நிவாரண நிதி தொடங்கியது. கடல் கடந்த ஊர்களிலிருந்து பொதுமக்கள் பணம் அனுப்பினார்கள். நிதிக்காக உழைத்த பத்திரிகையாளர் வில்லியம் டிக்பி அந்தப் பஞ்சத்தைப் பற்றி இரண்டு தொகுதிகள் எழுதினார். தமிழ் நாட்டின் பசிக்கு உலகம் கைகொடுத்த முதல் பெரிய நிகழ்ச்சி இதுவே. 1880-இல் ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது. அதிலிருந்து பிறந்த பஞ்ச விதிகள், மழை தவறினால் ஆட்சியர் என்னென்ன செய்யவேண்டும் என்பதை முதன்முறையாக முறைப்படி எழுதிவைத்தன. 2005-இன் நூறு நாள் வேலைச் சட்டத்துக்கு முன்னோடியைத் தேடுபவர்கள் அந்த விதிகளில்தான் வந்து நிற்பார்கள். வேறுபாடு, விதிகள் கருணையாகத் தந்ததைச் சட்டம் உரிமையாகத் தந்தது. அந்தச் சட்டத்தின் கீழ், அமிர்திப் பக்க மலைகளிலிருந்து இறங்கும் நாகநதிக்கு உயிரூட்ட வேலூர் மாவட்டப் பெண்கள் மீள்நிரப்புக் கிணறுகளை வெட்டினார்கள்.

காடு கைமாறியது

பஞ்ச காலத்தில் சமவெளிக்காரனுக்குக் கஞ்சித்தொட்டி என்றால் மலைக்காரனுக்குக் காடு. வள்ளிக்கிழங்கு, நூரைக்கிழங்கு, கீரை வகைகள், தேன், மூங்கில் பூக்கும் ஆண்டில் மூங்கிலரிசி என்று அது பூட்டில்லாத கிடங்காக இருந்தது. பஞ்சம் முடிந்த நான்காம் ஆண்டு அந்தக் கிடங்குக்குப் பூட்டு விழுந்தது. 1882-இன் சென்னை வனச் சட்டம் மலைகளின் பெரும்பகுதியைக் காப்புக்காடாக்கியது. சரிவில் கொத்தி விதைத்து, சில ஆண்டுகள் தரிசாக விட்டு, வேறிடம் போகும் பழைய முறை குற்றமானது. ஆடு மேய்ப்பதற்கும் விறகு எடுப்பதற்கும் அனுமதி கேட்க வேண்டிவந்தது. சந்தனமோ அரசின் சரக்கு. திருப்பத்தூர்ச் சந்தனக் கிடங்கு அதனாலேயே பேர்பெற்றது.

ஒரே தலைமுறையில் ஒரே அரசாங்கம் ஒரு கையால் பஞ்ச விதிகளை எழுதி, மறு கையால் பஞ்சம் தாங்கும் சக்தியைப் பறித்துக்கொண்டது. இரண்டும் வெவ்வேறு துறைகளின் கோப்புகளில் நடந்ததால் யாரும் இரண்டையும் சேர்த்துப் படித்ததாகத் தெரியவில்லை. அன்று பறித்ததைத் திருப்பித்தரும் வன உரிமைச் சட்டம் 2006-இல்தான் வந்தது. தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்காலத் தடையால் பட்டா வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது. பட்டா இல்லாதவனுக்குப் பயிர்க்கடன் இல்லை, வறட்சி நிவாரணமும் இல்லை. தன் கொல்லையில் அவன் ஆக்கிரமிப்பாளனாகவே உழுதான்.

குன்னூரிலிருந்து ரோமுக்கு

பசியை அளக்கும் அறிவியலில் இன்னொரு தமிழ் மலைக்குப் பங்குண்டு. 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் குன்னூரில் பெரிபெரி நோய் ஆராய்ச்சிக்குத் தொடங்கிய சிறிய பிரிவு ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்தது. 1958-இல் ஐதராபாத்துக்குப் போன அது இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 1935 முதல் அதை நடத்திய வாலஸ் அய்க்ராய்டு, 1943-இன் வங்கப் பஞ்சத்தை விசாரித்த ஆணையத்தில் உறுப்பினராக இருந்தார். பிறகு ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் ஊட்டச்சத்துப் பிரிவுக்கு முதல் இயக்குநரானார். அவ்வமைப்பு 1945 அக்டோபர் 16-இல் கியூபெக் நகரில் தோன்றி, 1951-இல் ரோமுக்கு இடம்பெயர்ந்தது. 1956-இல் அதன் தலைமை இயக்குநரான பினய் ரஞ்சன் சென்னும் வங்கப் பஞ்சத்தில் நிவாரணப் பொறுப்பில் இருந்தவர். அவர் 1960-இல் பசியிலிருந்து விடுதலை என்ற உலக இயக்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு உலக உணவுத் திட்டம் உருவானது. அதற்கு 2020-இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

குன்னூர்க்காரர்கள் 1937-இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்துப் பட்டியல் பிற்காலப் பட்டியல்களுக்கெல்லாம் தாய். பட்டியல் என்றதும் ஓர் எச்சரிக்கை. 100 கிராம் சாமையில் 9.3 மில்லிகிராம் இரும்புச்சத்து என்று சிறுதானியக் கடைகள் பையில் அச்சிடுவது பழைய பட்டியலைப் பார்த்து. 2017-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் புதிதாக அளந்து வெளியிட்ட எண் 1.26 மட்டுமே. சாமை நல்ல உணவுதான். ரத்தசோகைக்கு மருந்தாக அதை விற்பவர்கள் பையை மாற்றி அச்சிடவேண்டும்.

கப்பல் கோதுமையும் புது நெல்லும்

விடுதலைக்குப் பிந்தைய இந்தியா அமெரிக்காவின் பி.எல். 480 உணவு உதவி ஒப்பந்தத்தில் 1956-இல் கையெழுத்திட்டது. அறுபதுகளின் வறட்சியில் நாடு கப்பலுக்குக் கப்பல் காத்திருந்தது. வியட்நாம் போரைப் பற்றி இந்தியா பேசியது பிடிக்காத அமெரிக்க அதிபர் ஜான்சனின் அரசு, ஒவ்வொரு கப்பலையும் தனித்தனியே அளந்து அனுப்பியது. பசிக்கு வரும் உதவியோடு கயிறும் கூடவே வரும் என்பதை அந்த ஆண்டுகளில் தில்லி கற்றுக்கொண்டது. உணவு அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதையைத் தருவித்தார். வேளாண் அறிவியலாளர் எம்.எஸ். சுவாமிநாதன் துணை நின்றார். தஞ்சையில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் பரவியது. தமிழ்நாட்டு அரசியலை 1967-இல் புரட்டிப்போட்டவற்றில் அரிசிப் பஞ்சமும் ஒன்று. ரூபாய்க்கு மூன்று படி என்ற முழக்கம் அந்த ஆண்டுத் தேர்தலுடையது. அமிர்தியில் விலங்குகளுக்குப் பூங்கா திறந்ததும் அதே ஆண்டில்தான்.

பசுமைப் புரட்சி மலையேறவில்லை. வாய்க்கால் நீரும் ரசாயன உரமும் கேட்கும் விதை, மானாவாரிச் சரிவில் என்ன செய்யும்? வறண்ட நிலப் பயிர்களுக்கென்றே 1972-இல் ஐதராபாத் அருகே பட்டாஞ்சேருவில் பன்னாட்டு ஆய்வு நிறுவனமான இக்ரிசாட் வந்தது. அதன் முதன்மைப் பயிர்களாகச் சோளம், கம்பு, கொண்டைக்கடலை, துவரை, நிலக்கடலை இருந்தன. ஜவ்வாது மலையின் அன்றாடச் சோறான சாமைக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. உலகச் சந்தையில் விலை போகாத பயிருக்கு உலக ஆய்வும் குறைவாகவே கிடைக்கும். பின்னாளில் திருவண்ணாமலை அருகே அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சிறுதானிய மையம் அமைத்து, சாமையிலும் புதிய ரகம் தந்தது.

ரேஷன் அரிசி

தமிழ்நாடு பசிக்குக் கொடுத்த விடை இரண்டு இடங்களில் சமைக்கப்பட்டது: பள்ளிக்கூடத்தில், ரேஷன் கடையில். 1920-இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1956-இல் காமராசர் மாநிலம் முழுதும் கொண்டுசென்ற மதிய உணவுக்கு, அறுபதுகளில் கேர் என்ற தொண்டு நிறுவனம் பால்பவுடரும் எண்ணெயும் தந்தது. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். உலக வங்கிக் கடனில் 1980-இல் குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு ஊட்டும் திட்டம் தொடங்கியது. அது பல நாடுகளுக்கு முன்மாதிரியானது. ரேஷனில் மாநிலம் ஏழை, பணக்காரர் என்று வரிசை பிரிக்கவில்லை. 2011 முதல் அரிசி இலவசம்.

இந்த அரிசிதான் மலையின் கொடும்பசியை ஒழித்தது. இதைத் தயங்காமல் சொல்லவேண்டும், ஏனென்றால் சிறுதானிய ஆர்வலர்கள் சிலர் ரேஷன் அரிசியைப் பழிக்கிறார்கள். சாமையைச் சோறாக்கும் வேலையை அவர்கள் ஒருநாள் செய்து பார்க்கலாம். கதிரை அடித்துத் தூற்றி, காயவைத்து, உரலில் குத்திப் புடைத்து, உமி விடாததை மறுபடியும் போட்டுக் குத்தவேண்டும். மணி சிறியது, தோல் கெட்டி. முறத்தில் நிற்பதற்குள் காலைப்பொழுது பாதி போய்விடும். எடையில் கால்பங்குக்கு மேல் உமியாகவும் போய்விடும். இந்த உழைப்பு முழுவதும் பெண்களுடையது. இலவசமாக வந்த வெள்ளை அரிசி அவர்கள் தோளுக்கும் ஓய்வு தந்தது.

ஆனால் சாமை போனபோது கூடவே கொல்லையில் ஊடுபயிராக நின்ற மொச்சை, அவரை, துவரையும் சுருங்கின. வயிறு நிறைந்தது, தட்டில் வகை குறைந்தது. விளைந்த சாமையையும் குத்தாமலே மூட்டையாகக் கீழே விற்றுவிட்டு ரேஷன் அரிசி உண்பது வழக்கமாயிற்று. மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூரில் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கமும் பிறகு உழவர் நிறுவனமும் சாமையை மலையிலேயே அரைத்து விற்க முற்பட்டது இந்த இழப்பை ஈடுகட்டத்தான்.

வேலைதான் இன்னும் தீராத குறை. அரிசி இலவசம் என்றாலும் எண்ணெய், பருப்பு, மருந்து, பிள்ளையின் படிப்பு எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். காசு தேடி மலையாளிகள் காப்பித் தோட்டங்களுக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். சிலரைத் தரகர்கள் செம்மரம் வெட்ட ஆந்திரக் காடுகளுக்குக் கூட்டிப் போனார்கள். 2015 ஏப்ரல் 7-இல் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள்.

பசிக்குக் காரணம் உணவுப் பற்றாக்குறை என்ற பழைய நம்பிக்கையைப் பொருளியலாளர் அமர்த்தியா சென் 1981-இல் உடைத்தார். சந்தையில் தானியம் இருக்கும்போதே, அதைப் பெறும் வழியை இழந்தவன் பட்டினி கிடக்கிறான் என்பது அவர் வாதம். தாது வருஷத்துக் காட்பாடி நிலையம் அதற்கு நூறாண்டு முந்திய சாட்சி. ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீட்டில் 2024-இல் உலகில் சுமார் 67.3 கோடிப் பேர் பசியோடிருந்தார்கள். சூடானிலும் காசாவிலும் பஞ்சத்தை உண்டாக்கியது போர்.

இந்தியாவின் முன்மொழிவை ஏற்று ஐ.நா. 2023-ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டில் தமிழ்நாடு அரசு ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்குத் தேர்ந்தெடுத்தவை நீலகிரி, தருமபுரி மாவட்டங்கள். ஜவ்வாது மலை அடங்கிய மூன்று மாவட்டங்களில் ஒன்றும் அதில் இல்லை, சாமையும் இல்லை.