செக்ரோலில் ஆளில்லாத பேர்கள்: பெரிய தரவுக் கணினிகளில் சேவைக் கணக்கும் கடவுச்சொல்லும்

கோலசிலாங்கூர் - தோட்டத்தில் பெரட்டுக்குப் போனவர்களுக்குச் செக்ரோல் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. காலையில் பேர் கூப்பிடுவார்கள். ஆள் குரல் கொடுத்தால்தான் கிராணி புள்ளி போடுவார். செக்ரோலில் பேர் இருந்து ஆள் இல்லையென்றால், அந்தப் பேரில் போகும் சம்பளத்தை யார் வாங்குகிறார் என்ற கேள்வி வரும்.

அரசாங்கமும் வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் நம் விவரங்களைச் சேர்த்து வைக்கும் கணினிகளிலும் அப்படி ஆளில்லாத பேர்கள் நிறைய உண்டு. அவற்றுக்குச் சேவைக் கணக்குகள் என்று பெயர். இரவு 2 மணிக்கு ஒரு மென்பொருள் தானாக எழுந்து தரவை எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும் என்றால், அதற்கும் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். திருட்டுப் பேர் அல்ல, தேவையான பேர்தான். ஆனால் அதற்குப் பொறுப்பாளி யார் என்று எழுதி வைக்காத இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் வெளிவந்த தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, மைசெஜாத்ரா முறையிலிருந்து தடுப்பூசி போட்டுக்கொண்ட 30 லட்சம் பேரின் தனிப்பட்ட விவரங்கள் 2021 அக்டோபர் இறுதியில் பதிவிறக்கம் செய்யப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. அதற்குப் பயன்பட்ட கணக்கு 'சூப்பர் அட்மின்'. அது ஒரு மனிதரின் பேர் அல்ல, ஒரு பதவியின் பேர். பூட்டை யாரும் உடைக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாக் கதவையும் திறக்கும் சாவி ஒன்று இருந்தது, அவ்வளவுதான். 2024 ஜனவரி 2-ஆம் தேதி பாடு தரவுத்தளம் தொடங்கிய ஓரிரு நாள்களிலேயே, அடையாள அட்டை எண் தெரிந்தாலே பிறருடைய கடவுச்சொல்லை மாற்ற முடிகிறது என்று முன்னாள் துணையமைச்சர் ஓங் கியான் மிங் எச்சரித்தார். அந்த ஓட்டை பின்னர் அடைக்கப்பட்டது.

மகன் சைபர்ஜெயாவில் 'டேட்டா இன்ஜினியர்' என்கிறான், என்ன வேலை என்று தெரியவில்லை என்று சொல்லும் பெற்றோர் ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் இருக்கிறார்கள். பெஸ்தாரி ஜெயா யுனிசெல் வளாகத்தில் கணினி படிக்கும் பிள்ளைகளும் நாளை இதே வேலைக்குப் போகலாம். அவர்களுக்காகச் சற்று விரிவாக.

பெருந்தரவுக்குப் பல இடங்களில் பயன்படும் மென்பொருள் ஹடூப். பல கணினிகளை ஒன்றாகக் கட்டி, ஒரு கோப்பை 128 மெகாபைட் துண்டுகளாக வெட்டி, வழக்கமாக ஒவ்வொரு துண்டையும் 3 பிரதிகளாக வைக்கும். அதில் எச்டிஎஃப்எஸ், யார்ன், ஹைவ் என்று ஒவ்வொரு சேவைக்கும் தனிக் கணக்கு. இவற்றில் 'எச்டிஎஃப்எஸ்' கணக்குக்கு எல்லாக் கோப்பும் திறக்கும். பாதுகாப்பு முறையை இயக்காமல் விட்டால், "நான்தான் எச்டிஎஃப்எஸ்" என்று சொல்லி வருகிறவரை ஹடூப் அப்படியே நம்பிவிடும். பெரட்டில் அடுத்தவர் பேருக்குக் குரல் கொடுப்பது போலத்தான். 2017 தொடக்கத்தில் இணையத்தில் திறந்து கிடந்த பல ஹடூப் தொகுப்புகளில் தரவு துடைத்து அழிக்கப்பட்டது.

அதைத் தடுக்க வருவது கெர்பரோஸ். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1980-களில் உருவானது. பேரைச் சரிபார்த்து, குறிப்பிட்ட நேரம் மட்டும் செல்லும் சீட்டு கொடுக்கும். மனிதர் கடவுச்சொல்லைத் தட்டுவார், மென்பொருளுக்குக் கையில்லை. அதனால் அதன் சாவியை 'கீடேப்' என்ற சிறு கோப்பில் வைக்கிறார்கள். அந்தக் கோப்பு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அந்தச் சேவை. அந்தச் சேவைக் கணக்கைத் தவிர வேறு யாரும் அதைப் படிக்க முடியாதபடி வைக்க வேண்டும். மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பவே கூடாது. ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கீடேப் கொடுத்தால், ஒன்று களவு போனாலும் மற்றவை தப்பும்.

கடவுச்சொல்லை ஏன் ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விடுகிறார்கள்? சோம்பல் மட்டும் காரணமல்ல. மாற்றியவுடன் பழைய கீடேப் செல்லாது. புதியதை எல்லாக் கணினிக்கும் கொண்டுபோய் வைத்துச் சேவைகளை மறுபடி தொடங்காவிட்டால் வேலை நின்றுவிடும். நின்றால் திட்டு வாங்குவது அந்த இன்ஜினியர். ஆகவே யாரும் தொடுவதில்லை. இதை இன்ஜினியர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகப் படவில்லை. மாற்றுவதற்கென்று நேரம் ஒதுக்கித் தர வேண்டியது மேலாளர். கட்டமைப்புக் கோப்பில் கடவுச்சொல்லை வெறுமனே எழுதி வைக்கும் பழக்கமும் பரவலாக உள்ளது. அதை மறைத்து வைக்க ஹடூப்பிலேயே தனி வசதி இருக்கிறது. வேலையை விட்டுப் போகிறவருக்கும் ஒப்பந்த நிறுவனத்துக்கும் எந்தெந்தச் சேவைக் கணக்கின் சாவி தெரியும் என்ற பட்டியல் இருந்தால், அவர்கள் போகும் நாளிலேயே மாற்றிவிடலாம்.

சட்டமும் இறுகியிருக்கிறது. 2025 ஜூன் முதல், விவரக் கசிவு நேர்ந்தால் நிறுவனங்கள் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். மத்திய, மாநில அரசாங்கங்களை இச்சட்டம் கட்டுப்படுத்தாது என்பது பெரிய குறை. கசிந்த விவரத்தை வைத்து யாராவது ஏமாற்றிப் பணத்தைப் பறித்தால், தாமதிக்காமல் 997 எண்ணுக்கு அழையுங்கள்.

நம் ஆலய நிர்வாகத்திலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் பொதுவாக ஒரு மின்னஞ்சல் கணக்கு இருக்கும். அதுவும் ஆளில்லாத பேர்தான். இந்த ஆண்டுக் கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கும்போது, அதன் கடவுச்சொல் யார் யாரிடம் இருக்கிறது, சரிபார்ப்பு எண் எந்தக் கைப்பேசிக்குப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் அது, எப்போதோ கிள்ளானுக்கு வீடு மாறிப் போன முன்னாள் செயலாளரின் எண்ணாக இருக்கும்.