ஆவடித் தீர்மானமும் இரண்டு தேர்தல்களும்

1955 ஜனவரியில் யு.என். தேபர் தலைமையில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயத்தை அமைப்பதே நாட்டின் இலக்கு என்று தீர்மானம் போட்டது. அடுத்த மாதமே ஆந்திர சட்டமன்றத் தேர்தல். ஆட்சியைப் பிடித்துவிடுவார்கள் என்று அஞ்சப்பட்ட கம்யூனிஸ்டுகளுக்கு 196 இடங்களில் 15தான் கிடைத்தன. அவர்களுடைய முழக்கத்தை ஆவடியில் காங்கிரஸ் தட்டிப் பறித்துவிட்டது, அதனால்தான் வீழ்ந்தார்கள் என்பது அன்றுமுதல் சொல்லப்பட்டுவரும் விளக்கம். கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் வாக்குக் கணக்கு அதற்கு இடம் தரவில்லை.

1952இல் ஆந்திரப் பகுதியில் கம்யூனிஸ்டுகள் 41 இடங்களைப் பிடித்தபோது அவர்களுக்குக் கிடைத்த வாக்கு ஏறத்தாழ 22 சதவீதம். 1955இல் அது 31 ஆனது. கூடுதல் தொகுதிகளில் நின்றதும் இதற்கு ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஆவடி முழக்கத்தில் மயங்கி அவர்களுடைய வாக்காளர் விலகிப் போனார் என்று சொல்ல வழியில்லை. மாறியது எதிரணிதான். முன்பு தனித்தனியே நின்ற பிரகாசம், என்.ஜி. ரங்கா கட்சிகளைக் காங்கிரஸ் ஒரே முன்னணியில் சேர்த்தது. பம்பாய்க் காங்கிரஸ் தலைவர் எஸ்.கே. பாட்டீல் வந்து பிரசாரத்தை நடத்தினார். கம்யூனிஸ்ட் கட்சித் தலைமையிலும் கிருஷ்ணா, குண்டூர் டெல்டாவிலும் கம்மா சாதியின் செல்வாக்கு ஓங்கியிருந்தது. அங்கே கம்மா வேட்பாளருக்கு எதிராகக் கம்மா வேட்பாளரே நிறுத்தப்பட்டார். அமெரிக்க ஆய்வாளர் செலிக் ஹாரிசன் 1956இலேயே இந்தச் சாதிக் கணக்கை விரிவாக எழுதிவிட்டார். போதாக்குறைக்கு, நேரு அரசைப் பாராட்டி ஜனவரி 26 அன்று சோவியத் கட்சி நாளேடான பிராவ்தாவில் வந்த தலையங்கத்தையும் காங்கிரஸ்காரர்கள் பிரசாரத்துக்குப் பயன்படுத்தினார்கள். மாஸ்கோவே பாராட்டும் ஆட்சியை எதிர்த்து உள்ளூர்த் தோழர் மேடையில் என்ன பேசுவார்?

இனி, ஆவடிக்குப் பிறகும் கம்யூனிஸ்டுகள் வென்ற கேரளம். 1957இல் அங்கே கம்யூனிஸ்டுகள் 126இல் 60 இடங்களை வென்றார்கள். சுயேச்சைகள் ஆதரவோடு ஏப்ரல் 5 அன்று ஈ.எம்.எஸ். முதல்வரானார். அவர்கள் பெற்ற வாக்கு 35 சதவீதம். அவர்களைவிடக் கூடுதல் தொகுதிகளில் நின்ற காங்கிரசுக்கு 38. ஆனால் காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்ட், முஸ்லிம் லீக் என்று எதிரணி சிதறிக் கிடந்தது. 1956 நவம்பரில் எல்லையும் மாறியிருந்தது: தமிழ் வட்டங்களான தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நம் பக்கம் வந்தன, கம்யூனிஸ்டுகள் வேரூன்றிய மலபார் கேரளத்தோடு சேர்ந்தது. குமரி இணைப்பைக் கொண்டாடும் நாம், அது கேரளத்தின் முதல் ஆட்சியை அமைத்ததில் ஆற்றிய பங்கைப் பேசுவதே இல்லை.

ஆலப்புழைக் கயிற்றுத் தொழிலாளரும் மலபார்க் குத்தகை விவசாயிகளும் தந்த அடித்தளம் ஆந்திரக் கட்சிக்கு வாய்த்ததைவிட அகலமானது, அதனால்தான் வென்றார்கள் என்று வாதிடலாம். அடித்தளம் அகலமானது என்பதை ஏற்கிறேன். ஆனால் அது மட்டுமே ஆட்சியைத் தந்தது என்றால் 1960ஐ எப்படி விளக்குவது? ஈ.எம்.எஸ். அரசு 1959 ஜூலை 31 அன்று கலைக்கப்பட்டு, மறுதேர்தலில் மூன்று கட்சிகளும் கைகோத்தபோது, கம்யூனிஸ்டுகளின் வாக்கு 39 சதவீதமாக உயர்ந்தது; இடங்கள் 29ஆகச் சரிந்தன. ஆந்திரத்தில் நடந்ததே கேரளத்திலும் நடந்தது, அதுவும் ஆவடித் தீர்மானம் ஐந்து வயதைக் கடந்திருந்த காலத்தில்.

ஆவடித் தீர்மானத்தின் தடம் வேறு இடத்தில் இருக்கிறது: இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில், 1956 தொழில் கொள்கையில், பொதுத்துறை ஆலைகளில். அதே ஆவடியில் எழுந்த கனரக வாகனத் தொழிற்சாலையையும் அந்த வரிசையில் வைக்கலாம். 1955 ஆந்திரத் தேர்தலின் முடிவை மட்டும் அதன் கணக்கில் எழுதக் கூடாது.