பௌபஜார் தெருவில் ஒரு மாணவர் பட்டறை

பிப்ரவரி 28 வந்தால் நம் பிள்ளைகளின் பள்ளிகளில் தேசிய அறிவியல் நாள். "யாரோட கண்டுபிடிப்பு?" என்று கேட்டால் "சர் சி.வி. ராமன்" என்று பட்டென்று சொல்லிவிடுவார்கள். "கூட யார் யார் இருந்தா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் நாமே விழிப்போம்!

1857-இல் தொடங்கிய கல்கத்தா பல்கலைக்கழகம், முதல் அரை நூற்றாண்டில் பெரும்பாலும் தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் இடமாகவே இருந்தது. பாடமெல்லாம் கல்லூரிகளில்தான். 1906 முதல் 1914 வரை துணைவேந்தராக இருந்த ஆசுதோஷ் முகர்ஜி இதை மாற்றினார். தாரக்நாத் பாலித், ராஷ்பிஹாரி கோஷ் என்ற இரு வழக்கறிஞர்கள் அள்ளிக் கொடுத்த நன்கொடையில் அறிவியல் கல்லூரி எழுந்தது. நிதித்துறை அதிகாரியாக 1907-இல் இந்நகருக்கு வந்த ராமன், சம்பளம் குறைவு என்று தெரிந்தும் 1917-இல் அங்கே பாலித் பேராசிரியர் ஆனார். ஆனால் அவருடைய ஆராய்ச்சிக்கூடம், மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய அறிவியல் வளர்ச்சிக் கழகம். விலாசம்: 210, பௌபஜார் தெரு.

அங்கே வந்து சேர்ந்த மாணவர்களில் நம் பக்கத்து ஆட்கள் பலர். பாலக்காட்டு கே.ஆர். ராமநாதன் 1923-இல் தண்ணீரில் ஒளிச்சிதறலை ஆராய்ந்தபோது, இருக்கக் கூடாத ஒரு மங்கலான ஒளியைக் கண்டார். அழுக்காக இருக்குமோ என்று திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தும் அது போகவில்லை. எஸ். வெங்கடேஸ்வரனுக்கு அரசாங்க உத்தியோகம். ஓய்வு நேரத்தில்தான் சோதனை. நன்கு சுத்திகரித்த கிளிசரினில் சிதறிய ஒளி, வழக்கமான நீலமாக இல்லாமல் பச்சையாக இருப்பதை அவர் கவனித்தார்.

முழுநேரமும் இதில் இறங்க ஒருவர் வேண்டுமே! அவர்தான் வத்திராயிருப்பில் பிறந்து, மதுரையிலும் சென்னையிலும் படித்து, 1920-இல் கல்கத்தா வந்த கே.எஸ். கிருஷ்ணன். 1928 பிப்ரவரியில் திரவம் மாற்றித் திரவமாகச் சோதித்தார், நாட்குறிப்பும் எழுதிவைத்தார். 7-ஆம் தேதி இரவு சுமார் 9 மணி. சாப்பாடு முடிந்து அறையில் பேசிக்கொண்டிருக்கிறார். கீழே பேராசிரியரின் குரல்! காலையில் பார்த்தது தாங்கள் தேடிக்கொண்டிருந்த விளைவேதான் என்று சொல்ல, ராமன் பரபரப்போடு வீட்டுக்கே வந்துவிட்டார். மாணவரைத் தேடி ஆசிரியர் போன இரவு அது. 28-ஆம் தேதி நிறமாலைமானி வழியாகப் பார்த்து உறுதி செய்தார்கள். மார்ச் 31 'நேச்சர்' இதழில் வந்த குறிப்பில் இருவர் பெயரும் உண்டு.

1930-இல் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே கிடைத்தது. ஆனாலும் தம் பரிசுப் பேருரையில் இம்மூவர் பெயரையும் அவர் சொல்லத் தவறவில்லை. கிருஷ்ணனும் பின்தங்கிவிடவில்லை: டாக்கா, மறுபடி கல்கத்தா, அலகாபாத் என்று பணியாற்றி, 1947-இல் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார்.

பௌபஜார் தெரு இன்று பி.பி. கங்கூலி தெரு, அந்த இடத்தில் இப்போது ஒரு வணிகவியல் கல்லூரி. அந்தப் பக்கம் போனால் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். நம் வீட்டுப் பிள்ளை எங்கோ ஒரு விடுதியில், பெயர் வருமா வராதா என்று தெரியாமல் இராப்பகலாக ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கலாம். "என்னப்பா, இன்னும் முடியலையா?" என்று கேட்கும் முன், ஐந்து வருஷம் விடாமல் துரத்திய அந்த மங்கலான ஒளியை ஒருகணம் நினைத்துக்கொள்வோம்.