பரமபதப் படம் போய்வந்த வழி

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடுகிற பரமபத சோபானப் படத்தின் கணக்கில் சொர்க்கமும் வைகுண்டமும் ஒன்றல்ல. வைணவர்களின் பழைய 72 கட்டப் பலகையில் சொர்க்க லோகம் கீழிருந்து மூன்றாம் வரிசையிலேயே வந்துவிடும். வைகுண்டம் இருப்பது உச்சி வரிசையில், 68-ஆம் கட்டத்தில். சொர்க்கத்தில் நிற்கும் காய்க்கு ஆட்டம் முடிவதில்லை, மேலே இன்னும் பாம்புகள் உண்டு. வைகுண்டம் எட்டிய காய்க்குத்தான் இறக்கம் இல்லை.

ஆட்டம் சுவைப்பதற்காக யாரோ செய்த ஏற்பாடு அல்ல இது. விஷ்ணு புராணம் சொர்க்கத்துக்கு அளவே சொல்கிறது. பூமியிலிருந்து லட்சம் யோசனை உயரத்தில் சூரியன், அதற்கு மேல் இன்னொரு லட்சத்தில் சந்திரன், அப்புறம் நட்சத்திரங்கள், கிரகங்கள், சப்தரிஷிகள், துருவன். சூரியனுக்கும் துருவனுக்கும் இடைப்பட்ட 14 லட்சம் யோசனைதான் சுவர்லோகம். அதாவது சொர்க்கம் பிரபஞ்சத்துக்கு உள்ளே இருக்கும் ஓர் ஊர். புண்ணியம் தீர்ந்ததும் இறங்கியே ஆகவேண்டும்.

வைகுண்டம் என்கிற பரமபதத்துக்கு இந்த அளவுகோல் செல்லாது. அர்ச்சிராதி மார்க்கத்தில் போகும் ஆன்மா ஒளி, பகல், வளர்பிறை, உத்தராயணம், ஆண்டு எனக் கடந்து, சூரியனையும் சந்திரனையும் மின்னலையும் தாண்டி விரஜை ஆற்றங்கரைக்கு வருகிறது. பிரகிருதி, அதாவது சடப்பொருள் உலகம், அந்தக் கரையோடு முடிந்துவிடுகிறது. பரமபதம் அக்கரையில். வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் ‘பரமபத சோபானம்’ என்ற பெயரிலேயே ஒரு நூல் செய்திருக்கிறார். அதன் ஒன்பது படிகளில் முதல் மூன்று விவேகம், நிர்வேதம், விரக்தி. வானத்தில் ஏறும் வழி ஏழாவது படியில்தான் வருகிறது. எனக்கு இந்த வரிசைதான் முக்கியம். ஏணியின் அடி மனத்தில் ஊன்றியிருக்கிறது.

வடக்கே பரமபத ஆட்டத்துக்கு ஞான சௌபர் என்று பெயர். சமணர்களின் 84 கட்டப் பலகையில், உலகத்தின் உச்சந்தலையில், முக்தி பெற்றவர்கள் தங்கும் சித்தசிலை இருக்கும். மராத்தி ஞானி ஞானதேவர்தான் 13-ஆம் நூற்றாண்டில் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. அதற்கு உறுதியான சான்று இல்லை. தேதி தெரிந்த பழைய பலகைகள் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

1831-ல் ஹென்றி டண்டாஸ் ராபர்ட்சன் என்ற ராணுவ அதிகாரி ஒரு வைணவப் பலகையை லண்டனில் உள்ள ராயல் ஏசியாட்டிக் சொசைட்டிக்குக் கொடுத்தார். அதைச் சொர்க்க நரக ஆட்டம் என்றே ஆங்கிலத்தில் குறித்துவைத்தார்கள். 1890-களில் இங்கிலாந்தின் விளையாட்டுக் கடைகளுக்கு வந்த பலகைகளில் லோகங்கள் இல்லை. சிக்கனமும் சோம்பலும் போன்ற நல்லது கெட்டதுகள் இருந்தன. பிறகு அவையும் உதிர்ந்து எண்கள் மட்டும் மிஞ்சின. 1943-ல் அமெரிக்காவின் மில்டன் பிராட்லி நிறுவனம் பாம்பையும் எடுத்துவிட்டு சறுக்குமரம் வைத்தது. நம் ஊருக்குத் திரும்பி வந்தபோது அது லூடோ அட்டையின் பின்பக்கமாக வந்தது. உச்சியில் 100 என்று ஓர் எண். அங்கே யாரும் வசிக்கவில்லை.

இதைப் பெங்களூரின் ஈஜிபுராவில் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. இங்கிருந்து கேந்திரிய சதன் வரை 2017-ல் கட்டத் தொடங்கிய மேம்பாலத்தின் மறுமுனைப் பக்கம், கோரமங்களா இரண்டாம் பிளாக்கில், இந்திய வானியற்பியல் நிறுவனம் இருக்கிறது. ஆதித்யா எல்-1 விண்கலத்தில் சூரியனின் வெளிவளிமண்டலத்தைப் படம் பிடிக்கும் கருவி அவர்கள் செய்தது. 2024 ஜனவரி 6 முதல் பூமிக்கு 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று அந்தக் கலம் சூரியனைப் பார்க்கிறது. சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தொலைவு, சந்திரன் அதைவிட மிக அருகில், வெறும் 3.84 லட்சம். புராணத்தின் அளவுகள் தவறு என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. சுவர்லோகம் என்று குறித்த இடத்தில் கோள்களும் வெற்றிடமும் இருக்கின்றன. வாயேஜர் 1 விண்கலம் கோள்களையெல்லாம் கடந்து 2,500 கோடி கிலோமீட்டர் தாண்டியும் போய்க்கொண்டிருக்கிறது.

ஆனால் தொலைநோக்கி திருத்தியது மூன்றாம் வரிசையை மட்டுமே. உச்சி வரிசையைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. பிரகிருதிக்கு அப்பால் என்று முன்னோர் குறித்த இடத்துக்குக் கிலோமீட்டர் கிடையாது. பக்கத்து விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலில் வணங்குவோரின் திருச்சபையும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. மேகங்களுக்கிடையே உள்ள இடமல்ல சொர்க்கம், அது கடவுளோடு உயிருள்ள உறவு என்று 1999 ஜூலை 21-ல் போப் இரண்டாம் ஜான் பால் விளக்கினார். விண்ணை அளப்பவர் வைகுண்டத்தைப் பொய்யாக்கிவிட்டார் என்பதும், புராண அளவுகளை அறிவியல் என்று காட்டத் துடிப்பதும் ஒரே பிழை. இரண்டும் 68-ஆம் கட்டத்தை மூன்றாம் வரிசைக்கு இழுத்து வருகின்றன.

நம்பிக்கை உள்ளவரோ இல்லாதவரோ, வரும் ஏகாதசிக்கு எண் அட்டையை எடுத்து வைத்துவிட்டு, பெயர்கள் எழுதிய பரமபதப் படம் ஒன்று வாங்குங்கள். காய் போய் நிற்கிற கட்டத்தின் பெயரைப் பிள்ளைகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.