நகரத்தை விட்டுப் போனார்கள், நகரம் பின்னாலேயே வந்தது

கோவைக்காரர்களில் பெரிய ஆட்கள் யார் என்று கேட்டால் ஜி.டி.நாயுடுவில் ஆரம்பித்து நாம் ஒரு பட்டியல் போட்டுவிடுவோம். அதில் கே.சி.எஸ்.பணிக்கர் பெயர் வந்து நான் பார்த்ததில்லை. 1911-ல் நம்ம கோயமுத்தூரில் பிறந்த மனுஷன். தென்னிந்திய நவீன ஓவியத்தின் கதையை இவரை விட்டுவிட்டு எழுதவே முடியாது.

1936-ல் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசிரியர், மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சௌத்ரி. 1944-ல் நண்பர்களோடு முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1957-ல் படித்த பள்ளிக்கே முதல்வர் ஆனார்.

அங்கேதான் அவருக்கு ஒரு கவலை பிடித்தது. வருஷா வருஷம் திறமையான பசங்க படித்து முடித்து வெளியே போகிறார்கள். அப்புறம்? படம் வரைந்தால் வாங்க ஆள் இல்லை. வயிற்றுப்பாட்டுக்கு ஏதோ ஒரு வேலை. கொஞ்ச நாளில் தூரிகை மூலைக்குப் போய்விடும். சென்னை மாதிரி பெரிய நகரத்தில் இருந்தும் இதுதான் நிலைமை.

பணிக்கர் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமையானது. ஓவியம் விற்காவிட்டால் என்ன, பாடிக் துணி விற்குமே! ஓவியர்கள் சேர்ந்து கைவினைப் பொருட்கள் செய்து விற்றார்கள். அந்தக் காசைச் சேர்த்து 1966-ல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். கடலோரம், வெறும் மணல். அங்கேயே வீடு, அங்கேயே பட்டறை. அதுதான் சோழமண்டல் ஓவியர் கிராமம். பகலில் கைவினை சோறு போட்டது, மிச்ச நேரம் ஓவியத்துக்கு.

பொதுவாகக் கலைக்கூடங்கள் இதற்கு நேர் எதிராக, நாலு பேர் நடமாடும் இடமாகப் பார்த்து ஊருக்குள் நகரும். நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1931-ல் நகரின் கீழ்ப்பகுதியான கிரீனிச் வில்லேஜில் திறந்தது. 1954-ல் வடக்கே போய், 1966-ல் இன்னும் வடக்கே போனது. கடைசியில் 2015 மே மாதம் மறுபடியும் கீழ்ப்பகுதிக்கே திரும்பி வந்தது. திறப்புக் கண்காட்சியில் சுமார் 400 கலைஞர்களின் 600 படைப்புகளை வைத்தார்கள். 1966-ஐக் கவனித்தீர்களா? விட்னி மாடிசன் அவென்யூவுக்குக் குடிபோன அதே வருஷம்தான் நம்ம ஆட்கள் மணலில் குடிசை போட்டது!

சோழமண்டல் நகரவே இல்லை. நகரம்தான் அதைத் தேடி வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது, கேளிக்கைப் பூங்காக்கள் வந்தன, அடுக்குமாடிகள் வந்தன. 2009-ல் கிராமத்தில் புதிய கலை மையம் திறந்தார்கள். அதில் மெட்ராஸ் இயக்கத்துக்கென்று பணிக்கர் பெயரில் ஒரு அருங்காட்சியகம். தனபால், சுல்தான் அலி, சந்தானராஜ், ஆதிமூலம் என்று ஒரு தலைமுறையே சேர்ந்ததுதான் மெட்ராஸ் இயக்கம். பணிக்கர் இதையெல்லாம் பார்க்கவில்லை, 1977-லேயே போய்விட்டார். 2011-ல் ஈஞ்சம்பாக்கம் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஊரை விட்டுப் போனவர்கள், இருந்த இடத்திலேயே ஊருக்குள் வந்துவிட்டார்கள்.

இதில் எனக்குப் பட்டது ஒன்றுதான். ஒரு கலைக்கூடம் ஊருக்குள் வந்தால் நமக்கு நல்லது, போகிற வழியில் எட்டிப் பார்க்கலாம். ஆனால் உள்ளே மாட்ட படம் வரைகிறவன் எங்கே குடியிருப்பான், வாடகை எப்படிக் கொடுப்பான்? சோழமண்டல் நிலைத்ததற்குக் காரணம், முதலில் நிலத்தை வாங்கி அப்புறம் அருங்காட்சியகத்தைக் கட்டியது. இன்றைக்கு அதே சாலையில் பாடிக் விற்ற காசில் 10 சென்ட் வாங்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

நம்ம ஊர் அவிநாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் பெயரில் ஒரு கலைக்கூடம் இருக்கிறது. அவரும் ஜவுளி ஆராய்ச்சியையும் ஓவியத்தையும் ஒன்றாகப் பார்த்தவர்தான். பஸ்ஸில் எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருப்போம். அடுத்த தடவை இறங்கிப் பார்ப்போமே.